வீரர் ஒருவர், கதை சொல்பவர் வேறொருவர்: 1940, 50களின் அமெரிக்க விளையாட்டுப் படங்கள்

பதிவு 1 | கடைசிவரிசை

கடந்த இரண்டு வாரங்களில் மூன்று பழைய அமெரிக்கப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன். பூர்வகுடித் தடகள வீரர் ஜிம் தோர்ப்பின் வாழ்க்கையைச் சொல்லும் ‘ஜிம் தோர்ப் – ஆல் அமெரிக்கன்’ (1951), 1947இல் பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் தம் வேடத்தில் தாமே நடித்த ‘தி ஜாக்கி ராபின்சன் ஸ்டோரி’ (1950), குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸைப் பற்றிய ‘தி ஜோ லூயிஸ் ஸ்டோரி’ (1953) ஆகியவை அவை. மூன்றும் வெள்ளையரல்லாத ஒருவரை நடுவில் நிறுத்திய படங்கள். அன்றைய ஹாலிவுட்டில் அதுவே அரிது என்பதால் மிகுந்த மதிப்போடுதான் பார்க்க உட்கார்ந்தேன். ஆனால் மூன்றாவது படம் முடிந்தபோது, மூன்றிலும் வீரரின் கதையை வீரர் சொல்லவில்லை என்பது உறைத்தது.

தோர்ப்பின் கதையை அவருடைய பயிற்சியாளர் ‘பாப்’ வார்னர் ஒரு பாராட்டு விருந்தில் எழுந்து நின்று சொல்கிறார். லூயிஸின் கதையைச் சொல்ல ஒரு வெள்ளைப் பத்திரிகையாளர் பாத்திரத்தைக் கற்பனையாகப் படைத்திருக்கிறார்கள். ராபின்சன் படத்தில் பெயரற்ற ஒரு பின்னணிக் குரல் வருகிறது. அதைவிட முக்கியமாக, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி தம் அறையில் ராபின்சனிடம் பேசும் காட்சியில்தான் படம் முழுவதும் ஊன்றி நிற்கிறது. இனவெறி வசவுகளைக் கேட்டும் திருப்பி அடிக்காமலிருக்கும் துணிவு உனக்கு உண்டா என்று ரிக்கி கேட்கும்போது, அந்தப் படத்தின் அறம் எதுவென்பதை அவரே வகுத்துவிடுகிறார்.

தோர்ப் படம்தான் என்னை மிகவும் தொந்தரவு செய்தது. தோர்ப் சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தவர். பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியில் படித்தவர். 1879இல் ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பிராட் தொடங்கிய அந்தப் பள்ளியின் வெளிப்படையான நோக்கம், பிள்ளைகளிடமிருந்து பூர்வகுடி அடையாளத்தை அழித்து அவர்களை வெள்ளையர் வாழ்க்கைக்குப் பழக்குவது. முடியை வெட்டினார்கள், தாய்மொழியைத் தடுத்தார்கள். படத்திலோ அது கண்டிப்பும் கனிவும் கலந்த ஒரு கல்லூரி வளாகமாகவே வருகிறது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்துவகைப் போட்டியிலும் பத்துவகைப் போட்டியிலும் தங்கம் வென்ற தோர்ப், அதற்கு முன் கோடைக்காலங்களில் கூலிக்குப் பேஸ்பால் ஆடியவர், ஆகவே அன்றைய ஒலிம்பிக் விதிப்படி தகுதியற்றவர் என்ற காரணத்தால் 1913இல் பதக்கங்களை இழந்தார். வார்னருக்கு அந்த ஆட்டங்கள் பற்றி முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்றே பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அப்படியிருக்க, அந்த இழப்பின் கதையை அவர் வாயாலேயே கேட்கும்படி நம்மை உட்கார வைக்கிறது படம்.

பிரதிநிதித்துவம் என்று நாம் பேசும்போது திரையில் யார் முகம் தெரிகிறது என்பதோடு நின்றுவிடுகிறோமோ என்ற ஐயம் எனக்கு எழுகிறது. இந்தப் படங்களை ஊன்றிப் பார்த்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதிவு 2 | மூன்றாம்சுற்று

நண்பர் கடைசிவரிசை அவர்களுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். ராபின்சன் படத்தைப் பணிக்காலத்தில் பலமுறை மாணவர்களுக்குத் திரையிட்டிருக்கிறேன். உங்கள் கேள்வியை ஏற்கிறேன். ஆனால் அந்த ஒரு படத்தை மற்ற இரண்டோடு சேர்த்துக் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில், அங்கே ஓடுவது ராபின்சனின் கால்கள். 1947 ஏப்ரல் 15 அன்று டாட்ஜர்ஸ் உடையில் களமிறங்கிய அதே மனிதர், 1949இல் நேஷனல் லீகின் மதிப்புமிகு வீரர் விருதையும் வென்ற பிறகு, கேமரா முன் அதே அடியை அடித்து, பந்து வீசும் கணத்தில் அடுத்த தளத்துக்கு ஓடி அதைத் ‘திருடுகிறார்’. அவர் நடிப்பு விறைப்பாக இருக்கிறது என்பது உண்மைதான். அந்த விறைப்பையே நான் மதிக்கிறேன். வசவுகளைக் கேட்டுக்கொண்டு நிற்கும் காட்சிகளில், அவற்றை உண்மையிலேயே கேட்ட ஒருவர் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறோம். பயிற்சி பெற்ற நடிகர் எவரும் அதைக் கொண்டுவந்திருக்க முடியாது.

இரண்டாவதாக, பின்னணிக் குரல் எதைப் பேசினாலும், சின்னச் சின்னக் காட்சிகள் வேறொன்றைச் சொல்கின்றன. ஜாக்கியின் அண்ணன் மேக் கல்லூரியில் படித்தும் தெருக் கூட்டுகிறார். படத்துக்காகச் சேர்த்த மிகை இல்லை அது. மேக் ராபின்சன் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்ததாக வந்து வெள்ளி வென்றவர். ஊர் திரும்பிய பிறகு பாசடீனாவில் அவருக்குக் கிடைத்தது தெருக் கூட்டும் வேலை. பிறகு பேருந்துக் காட்சி: கறுப்பினத்தவர் அணி நெடுஞ்சாலையில் ஓர் உணவு விடுதி முன் நிற்கிறது, அணிக்குப் புதியவரான ஜாக்கி உள்ளே போய், உட்கார்ந்து சாப்பிடலாமா, கைகால் கழுவிக்கொள்ளலாமா என்று கேட்டுவர வேண்டும். யாரும் அழவில்லை, உரை நிகழ்த்தவில்லை. அது அவர்களுடைய அன்றாடம். வகுப்பறையில் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்தான் பிள்ளைகள் பேச்சை நிறுத்துவார்கள்.

இன்னொரு தகவலையும் சேர்க்கிறேன். அந்தப் படத்தில் கறுப்பினத்தவர் அணியின் மேலாளராக வருபவர் கென்னி வாஷிங்டன். அவர் யுசிஎல்ஏவில் (லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம்) ராபின்சனோடு அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக் பன்னிரண்டு ஆண்டுகள் கறுப்பினத்தவர் எவரையும் சேர்க்காதிருந்த பிறகு, 1946இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அவரை எடுத்தது. ஆக, இரண்டு விளையாட்டுகளின் கதவுகளைத் திறந்த இருவர் ஒரே சட்டகத்தில் நிற்கிறார்கள். படம் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

பதிவு 3 | நிழலாட்டம்

ஐயா சொல்லும் பேருந்துக் காட்சி எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் படம் முடியும் விதத்தைப் பற்றி இருவரும் பேசவில்லையே. அமெரிக்க எதிர்ப்பு நடவடிக்கைகளை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன் ராபின்சன் பேசுவதோடுதானே அது முடிகிறது? ஒரு பேஸ்பால் படத்தின் உச்சக்காட்சி ஏன் ஆட்டக்களத்தில் இல்லை?

பதிவு 4 | கடைசிவரிசை

என் கேள்வியின் உயிர்நாடி அங்குதான் இருக்கிறது. முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும், நன்றி.

1949 ஜூலையில் அந்தக் குழு ராபின்சனை அழைத்தது, சோவியத் ஒன்றியத்துக்கு எதிராகக் கறுப்பினத்தவர் போரிட மாட்டார்கள் என்று பாடகரும் நடிகருமான பால் ரோப்சன் கூறியதாகச் செய்தித்தாள்களில் வந்த கருத்துகளை மறுப்பதற்காக. ராபின்சன் மறுத்தார். ஆனால் அதே உரையில், நீதிமன்ற அநீதியையும் காவல்துறையின் கொடுமையையும் கும்பல் கொலைகளையும் ஒரு கம்யூனிஸ்ட் கண்டிக்கிறார் என்பதற்காக அந்தக் குற்றச்சாட்டுகள் பொய்யாகிவிடாது என்றும் அவர் அழுத்தமாகச் சொன்னார். படத்தில் இரண்டாவது பகுதி இல்லை. ஜனநாயகத்தின் மீதான நம்பிக்கையைச் சொல்லும் பகுதி மட்டும் எஞ்சியிருக்கிறது. இங்கே முகமும் குரலும் அவருடையவைதாம், வெட்டிய கை வேறொருவருடையது. மூன்றாம்சுற்று ஐயா அவர்களின் வாதத்துக்கு நான் வைக்கும் மறுமொழி இதுதான்: தம் வேடத்தில் தாமே நடித்த மனிதருக்குக்கூட, தம் சொற்களை முழுமையாகப் பேச இடம் கிடைக்கவில்லை.

விடுபட்டது இன்னொன்றும் உண்டு. 1944இல் டெக்சாஸில் ராணுவ முகாமில் இருந்தபோது, பேருந்தின் பின்பகுதிக்குப் போக மறுத்ததற்காக ராபின்சன் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, விடுதலை பெற்றார். எதிர்த்து நின்று வென்ற அந்த மனிதரைப் படம் காட்டியிருந்தால், ரிக்கியின் அறையில் அவர் திருப்பி அடிக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்வதன் விலை நமக்குப் புரிந்திருக்கும். அதைக் காட்டாததால், பொறுமை அவருடைய இயல்பு என்பதுபோல் தோன்றிவிடுகிறது. 1972இல் வெளியான தன்வரலாற்றில், ரோப்சன் மீதான தம் மதிப்பு கூடியிருக்கிறது என்றும், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்று பாடத் தம்மால் இயலவில்லை என்றும் ராபின்சனே எழுதினார். அவரே சொன்ன கதைக்கும் அவரைக் கொண்டு சொல்லப்பட்ட கதைக்கும் இடையே 22 ஆண்டுகள் கடந்திருந்தன.

பதிவு 5 | நிழலாட்டம்

குத்துச்சண்டைப் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம் என நினைக்கிறேன். பேஸ்பாலில் 1947 வரை நிறத்தடை இருந்ததால், 1942இல் வந்த லூ கெரிக் படத்தில் எல்லா வீரர்களும் வெள்ளையராக இருப்பது அன்றைய களத்தை அப்படியே காட்டுவதுதான். குத்துச்சண்டையில் அந்தச் சாக்கு செல்லாது. 1937 முதல் 1949 வரை உலகக் கனரகப் பட்டம் ஜோ லூயிஸ் கையில் இருந்தது. அந்த ஆண்டுகளில் வளையத்துக்குள் வெள்ளையரை மட்டும் காட்டிய ஒவ்வொரு படமும் அதைத் தெரிந்தே செய்தது.

இதற்கு மிகத் தெளிவான சான்று ‘தி செட்-அப்’ (1949). அதன் மூலக்கதை, ஜோசப் மோன்கூர் மார்ச் என்ற கவிஞர் 1928இல் வெளியிட்ட நெடுங்கவிதை. கவிதையின் நாயகன் பான்சி ஜோன்ஸ் ஒரு கறுப்பினக் குத்துச்சண்டை வீரன். அவனுடைய வீழ்ச்சிக்கும் அவனுடைய நிறத்துக்கும் உள்ள தொடர்புதான் கவிதையின் முதுகெலும்பு. ஆர்கேஓ நிறுவனம் அதைப் படமாக்கியபோது நாயகனை வெள்ளையனாக்கி, ராபர்ட் ரயனுக்குக் கொடுத்தது. ரயன் அருமையாக நடித்திருக்கிறார். ஏறத்தாழ 72 நிமிடங்களில் கதை நிகழும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஒன்றாகவே நகரும் அந்த அமைப்பை நான் எத்தனை முறை பார்த்தாலும் வியக்கிறேன். ஆனாலும் உடைமாற்றும் அறையில் ஜேம்ஸ் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பின நடிகர் நம்பிக்கை நிறைந்த இளம் வீரனாகச் சில நிமிடங்கள் வந்து போகும்போது, இந்தப் படம் யாருடையதாக இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் தவிர்க்க முடியாமல் வருகிறது. அதே எட்வர்ட்ஸ்தான் பிறகு லூயிஸ் படத்தில் பயிற்சியாளர் பிளாக்பர்னாக வருகிறார்.

இதற்கு எதிர்முனையில் ‘பாடி அண்ட் சோல்’ (1947) நிற்கிறது. கேனடா லீ அதில் பென் என்ற முன்னாள் சாம்பியனாக நடித்தார். அவர் நிஜவாழ்விலும் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரராக இருந்து, வளையத்தில் பட்ட காயத்தால் ஒரு கண்ணில் பார்வை இழந்தவர். அந்தப் படத்தில் பென் யாருக்கும் வேலைக்காரன் அல்லன், கோமாளி அல்லன்; மூளையில் இரத்தக்கட்டோடு வாழும் அவனை மேலாளர்கள் எப்படி விற்றார்கள் என்பதை அவன் அறிவான், அதைத் தன் வாயால் சொல்கிறான். நாயகன் சார்லி யூதன். யூதர்களுக்கு ஐரோப்பாவில் நேர்ந்ததையும் சார்லி இங்கே சாம்பியனாக இருப்பதையும் இணைத்து மளிகைக்காரர் ஒருவர் பேசும் காட்சி, போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில் எழுதப்பட்டது என்பதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

விலை கொடுத்துத்தான் அதை எடுத்தார்கள். திரைக்கதை எழுதிய ஆபிரகாம் பொலன்ஸ்கி, கம்யூனிஸ்ட் தொடர்புடையவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டோருக்கு ஹாலிவுட் வேலை மறுத்த கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். கேனடா லீக்கும் வாய்ப்புகள் அடைபட்டன. அவர் 1952 மே 9 அன்று 45 வயதில் இறந்தார். சார்லியாக நடித்த ஜான் கார்ஃபீல்ட் அதே மாதம் 21ஆம் தேதி 39 வயதில் இறந்தார்.

பதிவு 6 | மூன்றாம்சுற்று

நிழலாட்டம் தம்பியின் பதிவைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ‘பாடி அண்ட் சோல்’ சண்டைக் காட்சிகளைப் படமெடுத்தவரைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். காலில் உருளைச் சக்கரக் காலணி அணிந்து, கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு வளையத்துக்குள் சுற்றியவர் ஜேம்ஸ் வாங் ஹோவ். சீனாவில் பிறந்த அவர், ஹாலிவுட்டின் முதல்வரிசை ஒளிப்பதிவாளராக இருந்தும் 1943 வரை அமெரிக்கக் குடியுரிமை கோரச் சட்டம் இடம் தரவில்லை. எழுத்தாளர் சனோரா பாபை 1937இல் பாரிஸில் மணந்தார். கலப்பு மணத்தைத் தடுத்த கலிபோர்னியச் சட்டத்தை நீதிமன்றம் 1948இல்தான் தள்ளுபடி செய்தது.

அவர் 1954இல் ‘கோ, மேன், கோ!’ என்ற கூடைப்பந்துப் படத்தை இயக்கினார். ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியைப் பற்றிய படம் அது. வீரர்கள் அவர்களாகவே தோன்றுகிறார்கள், கறுப்பின நடிகர் சிட்னி பொய்ட்டியே அந்த அணியின் வீரர் இன்மன் ஜாக்சனாக நடிக்கிறார். எழுதிய ஆல்ஃபிரட் பால்கா கறுப்புப் பட்டியலில் இருந்ததால் வேறொருவர் பெயரில்தான் திரைக்கதை வெளிவந்தது. சீனர் ஒருவர் இயக்கி, துரத்தப்பட்ட யூதர் ஒருவர் எழுதி, கறுப்பின வீரர்கள் ஆடிய படம். அப்படியிருந்தும் அதன் நாயகர் அணியின் வெள்ளை உரிமையாளர் ஏப் சேப்பர்ஸ்டீன்தான்! கடைசிவரிசை அவர்களின் வாதத்துக்கு நானே வலு சேர்ப்பதுபோல் ஆகிவிட்டது. உண்மை அதுவாக இருக்கும்போது மறைப்பதற்கில்லை.

பதிவு 7 | தடைதாண்டி

இந்த இழையில் இதுவரை ஆறு பதிவுகளில் ஒரு வீராங்கனையின் பெயர்கூட வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை; படங்களில் இல்லாததால்தான் உங்கள் பேச்சிலும் இல்லை. கல்லூரிக் காலத்தில் 100 மீட்டர் தடை ஓட்டம் ஓடியவள் என்பதால் எனக்கு அந்த வெற்றிடம் உடனே கண்ணில் படுகிறது.

அந்தக் காலத்தின் சிறந்த பெண் விளையாட்டுப் படம் என்று ‘பேட் அண்ட் மைக்’ (1952) படத்தைத்தான் சொல்ல வேண்டும். கேதரின் ஹெப்பர்ன் கோல்ஃபும் டென்னிஸும் ஆடும் வீராங்கனையாக வருகிறார். ஆடுவது அவரேதான், அது அழகாகத் தெரிகிறது. வருங்காலக் கணவன் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் கை நடுங்கி ஆட்டம் சிதறும் அந்தச் சிக்கல், பெண்ணின் திறமையை ஒரு பார்வை எப்படி முடக்கும் என்பதைப் பல கட்டுரைகளைவிட நன்றாகச் சொல்கிறது. 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கம் வென்ற பேப் டிட்ரிக்சன் அதில் தாமாகவே தோன்றுகிறார். முன்னாள் டென்னிஸ் சாம்பியன் ஆலிஸ் மார்பிளும் வருகிறார்.

மார்பிளின் பெயரைக் கேட்டதும் எனக்கு இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். 1950 ஜூலையில், கறுப்பின வீராங்கனை ஆல்தியா கிப்சனை அமெரிக்கத் தேசியப் போட்டியில் ஆடவிடாததைக் கண்டித்து ஒரு டென்னிஸ் இதழில் மார்பிள் எழுதினார். அந்த ஆண்டே, அந்தப் போட்டி நடந்த ஃபாரஸ்ட் ஹில்ஸில் கிப்சன் களமிறங்கினார். 1957, 1958 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டனையும் அமெரிக்கப் பட்டத்தையும் வென்றார். உலகின் முதல்நிலை வீராங்கனையான அவரை ஹாலிவுட் எப்படிப் பயன்படுத்தியது தெரியுமா? 1959இல் வந்த ‘தி ஹார்ஸ் சோல்ஜர்ஸ்’ என்ற உள்நாட்டுப் போர்ப் படத்தில் ஒரு தென்மாநில வீட்டின் அடிமைப் பணிப்பெண்ணாக. எழுதித் தந்த கொச்சை வசனத்தை அப்படியே பேச முடியாது என்று அவர் மறுத்தார். இயக்குநர் ஜான் ஃபோர்டு வசனத்தை மாற்றினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் உயரம் தாண்டி, ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண்ணான ஆலிஸ் கோச்மனுக்கு அந்தக் காலத்தில் ஒரு படமும் வரவில்லை.

ஆண்களின் கதைகளை யார் சொன்னார்கள் என்று நீங்கள் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தப் பெண்களுக்கோ, தவறாகச் சொல்லவும் யாரும் முன்வரவில்லை.

பதிவு 8 | நிழலாட்டம்

தடைதாண்டி அம்மா எழுதியதற்குப் பதிலாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கிப்சனைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கவில்லை; தேடிப் படிக்கிறேன்.

மெக்சிக வம்சாவளியினரைப் பற்றி இரண்டு படங்களை மட்டும் குறிப்பிட்டுச் செல்கிறேன். ‘ரைட் கிராஸ்’ (1950) படத்தில் ரிக்கார்டோ மான்டல்பான் சாம்பியனாக வருகிறார். தம்மை வெள்ளையர்கள் இழிவாகப் பார்க்கிறார்கள் என்ற உறுத்தலை அவருடைய மனக்குறையாகவே அந்தப் படம் நடத்துகிறது. இரண்டே ஆண்டுகள் கழித்து வந்த ‘தி ரிங்’, லாஸ் ஏஞ்சலஸில் வாழும் டோமாஸ் என்ற இளைஞனின் கதை. மேலாளர் முதலில் செய்யும் காரியம் அவன் பெயரை ‘டாமி கேன்சஸ்’ என்று மாற்றுவது. நண்பர்களோடு பெவர்லி ஹில்ஸில் ஓர் உணவகத்துக்குப் போகிறான், அங்கே அவர்களுக்குப் பரிமாற யாரும் வருவதில்லை. உறுத்தல் மனத்தில் இருக்கிறதா உலகத்தில் இருக்கிறதா என்பதற்கு இந்தப் படம் தடுமாறாமல் விடை சொல்கிறது. பெரிய நட்சத்திரம் இல்லாத, குறைந்த செலவில் எடுத்த படம்; இளம் ரீட்டா மொரேனோ அதில் நடித்திருக்கிறார். யாருக்கும் கதை சொல்லும் விருந்தும் இல்லை, பத்திரிகையாளரும் இல்லை. கடைசிவரிசை அண்ணன் அவசியம் பார்க்க வேண்டும்.

பதிவு 9 | கடைசிவரிசை

‘தி ரிங்’ படத்தை நேற்றிரவு பார்த்தேன். டோமாஸின் அப்பா வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் காட்சிகள் எனக்குச் சண்டைக் காட்சிகளைவிட வலுவாகப் பட்டன. நிழலாட்டம் தம்பிக்கு நன்றி.

என் முதல் பதிவில் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். தோர்ப் தம் கதையிலிருந்து முற்றாக விலக்கப்பட்டவர் என்பதுபோல் எழுதிவிட்டேன். 1951 படத்துக்கு அவர் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தார் என்பதைப் பிறகு கவனித்தேன். படப்பிடிப்பில், வெள்ளையரான பர்ட் லங்காஸ்டர் தம்மைப்போல் ஓடுவதையும் உதைப்பதையும் 60 வயதைக் கடந்த தோர்ப் அருகிலிருந்து பார்த்திருக்கிறார். திரைப்படத் தொழில் அவருக்குப் புதிதும் இல்லை. 1930களில் அவர் ஹாலிவுட்டிலேயே துணை நடிகராகப் பல படங்களில் நடித்துப் பிழைத்தவர். பூர்வகுடி வேடங்களுக்கு உண்மையான பூர்வகுடியினரையே எடுக்க வேண்டும் என்று அப்போதே போராடியவர். நாம் இன்று இந்த இழையில் எழுப்பும் கேள்வியை அவர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, கூலிக்கு நின்ற இடத்திலிருந்து எழுப்பியிருக்கிறார். அந்தப் போராட்டம் அவருடைய வாழ்க்கைப் படத்தில் இடம்பெறவில்லை.

தடைதாண்டி அவர்கள் குறிப்பிட்ட கிப்சனின் மறுப்பையும் இதோடு சேர்த்தே நினைக்கிறேன். திரைக்கதை அவர்கள் கையில் இல்லாதபோதும், இந்த மனிதர்கள் படப்பிடிப்புத் தளத்தில் பேசியிருக்கிறார்கள், மறுத்திருக்கிறார்கள். அதனால் முதல் பதிவில் கேட்டதை இப்போது இப்படிக் கேட்பேன்: அவர்கள் சொன்னதில் எவ்வளவு படச்சுருளுக்குள் வந்தது, எவ்வளவு வெளியே நின்றுவிட்டது?

பதக்கங்களைப் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார்; எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறேன். 1912 விதிகளின்படி ஒரு வீரரின் தகுதி மீதான ஆட்சேபத்தை 30 நாட்களுக்குள் எழுப்பியிருக்க வேண்டும்; தோர்ப் மீதான செய்தி வந்ததோ 1913 ஜனவரியில். அதைச் சுட்டிக்காட்டிய பிறகு 1983இல் அவர் குடும்பத்துக்குப் பதக்கங்களின் நகல்கள் வழங்கப்பட்டன, அப்போதும் அவரை இணை வெற்றியாளர் என்றே குறித்தார்கள். இரு போட்டிகளிலும் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு அறிவித்தது 2022 ஜூலையில். தோர்ப் 1953 மார்ச்சில், படம் வெளியாகி இரண்டு ஆண்டுகளுக்குள், கலிபோர்னியாவில் இறந்துவிட்டார்.